வேறு சொல்

காணிப் பதிவகத்தில் பதினொரு மணிக்கு
மின்சாரம் போனது.
பிளேன்டீ வந்தது, மாரி பிஸ்கட் வந்தது.
தருமலிங்கம் சேர் கதை சொன்னார்,
கொந்தராத்துக்காரர் கந்தப்போடியைப் பற்றி:
“கூரைக்கு முழுக் காசும் வாங்கினவன்,
கடைசியில தொப்பி பிரட்டிட்டான்.”

கந்தப்போடி பிறந்ததிலிருந்து தொப்பி போட்டவரில்லை.
வழுக்கையில் வெயில், நெற்றியில் திருநீறு, அவ்வளவுதான்.
எல்லாரும் சிரித்தோம்.
நானும், கொஞ்சம் பிந்தி.

பஸீறா
சீனி போடாத தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.
“அந்தச் சொல்ல விடுங்க சேர்” என்றாள்
கோப்பையைப் பார்த்து.

பிறகுதான் தொடங்கியது.
அது கடதாசி விளையாட்டில் வந்த சொல் என்றார் ஒருவர்.
இல்லை, வெள்ளைக்காரன் காலத்துப் பொலிஸ்காரன்
வேலை முடிய தொப்பியைத் திருப்பிப் போடுவானாம், அதிலிருந்து.
“ஊரெல்லாம் சொல்ற சொல் புள்ள,
ஒருத்தரையும் நினைச்சு இல்ல.”
அரை மணி நேரம்
ஒரு சொல்லுக்கு உறுதி தேடினோம்,
எங்களுக்குத் தெரிந்த ஒரே முறையில்:
முதல் உரித்தாளர் யார், எந்த ஆண்டு,
கிழக்கே வாய்க்கால், மேற்கே வீதி,
வடக்கே பெயர் தெரியாதவரின் வளவு.

“எங்க பிறந்ததெண்டு எனக்குத் தெரியா” என்றாள் பஸீறா.
“தொண்ணூறில வாப்பாவ லொறியால இறக்கக்குள்ள
இந்தச் சொல்லத்தான் சொன்னாங்க.
எனக்கு ஆறு வயசு.
அங்க ஒருத்தரும்
கடதாசி விளையாடல்ல சேர்.”

பிஸ்கட் ஒன்று தேநீருக்குள் உடைந்து விழுந்தது.
கிறேசி பார்த்தலோட் தட்டெழுத்தை விட்டுத் திரும்பி,
“எங்கட சாதிட பேரில
நீங்க ஒரு புண்ணே வச்சிருக்கீங்க” என்று சிரித்தா.
அந்தப் புண்ணின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.
ஒருவரும் சொல்லவில்லை.
“இனி வாயே திறக்க ஏலாதுபோல”
சேர் தன் கோப்பையைத் தானே கழுவப் போனார்,
பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

நான் பேசவில்லை.
என் அப்பா எழுபத்தேழில்
மஸ்கெலியாவிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர்.
அது என் கோவையில் இல்லை.
‘தோட்டக்காட்டான் மாதிரி’ என்று
இந்த அறையில் யாராவது சொல்லும்போது
முத்திரை நேராக விழுகிறதா என்பதில்
மிகக் கவனமாகிவிடுவேன்.
பஸீறாவும் சொல்லியிருக்கிறாள் ஒருநாள்,
யாரோ போட்டிருந்த மஞ்சள் சட்டையைப் பார்த்து.
நல்லவள். எனக்கு இரத்தம் கொடுத்தவள்.

மின்சாரம் வந்தது.
விசிறி சுற்ற, உறுதிகள் எழும்பிப் படபடத்தன.
ஆளுக்கொரு கல்லை எடுத்து வைத்தோம்.

பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நடக்க
இவர் கோல் எடுத்தார்:
மேசன் இன்றைக்கும் வரவில்லை,
கிணற்றுக்கட்டு அப்படியே கிடக்குது,
முற்பணமும் போச்சு.
அந்தச் சொல்
நாக்கில் ஏறி நின்றது
வீட்டுக்காரன் மாதிரி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.
விழுங்கினேன்.

வேறு சொல் தேடினேன்.
துரோகி என்று வந்தது.

அந்தச் சொல்லை அட்டையில் எழுதி
ஆளோடு சேர்த்துக் கட்டிய மின்கம்பங்கள்
இந்த ஊருக்கு இன்னும் வெளிச்சம் தருகின்றன.
ஒன்றின் கீழேதான் அப்போது நின்றேன்.
அதையும் விழுங்கினேன்.

ஒரு மேசன் வராததைச் சொல்ல
இவ்வளவு நேரமா.
கீழே தோணியில் ஒருவர்
வலையில் சிக்கிய பாசியைப்
பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார்.
மீன் இருந்ததா தெரியவில்லை.

“வாக்கு மாறிட்டார்” என்றேன்.

வாவிக் காற்று.
“கேக்கல்ல” என்றார் இவர்,
“திருப்பிச் சொல்லு.”